பஸ்ஸுக்குப் பேர் மாத்தின கதை

எங்கட பஸ் சபைக்குப் பேர் மாத்தினது எழுபதுகளின்ர கடைசியில. அதுக்கு முந்தியும் ஒருக்கா மாத்தினவை. முதலாளிமாரிட்ட இருந்த பஸ்ஸையெல்லாம் அரசாங்கம் எடுத்து, சிவப்படிச்சு, இனி இது மக்களின்ர சொத்து எண்டவை. மக்களின்ர சொத்து நல்லா ஒழுகினது. மாரியில பஸ்ஸுக்குள்ள குடை பிடிச்சுக்கொண்டுதான் நான் மூதூருக்குப் படிப்பிக்கப் போறனான்.

அந்த பஸ்ஸை ஓட்டினது என்ர அப்பா. ஒரு விபத்துமில்லாமல் ஓய்வு பெறோணும் எண்டதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை. அதுக்கு ஒரு வருசம் கூட இல்லை. ஆனால் பிரேக் சரியில்லை. டிப்போவில கேட்டுக் கேட்டு வாய் உளைஞ்சு போச்சு. மாத்தச் சாமான் இல்லை எண்டதுதான் பதில்.

கிண்ணியாத் துறையில பஸ் பாதையில ஏறோணும். பாதை எண்டு நாங்கள் சொல்லுறது பஸ்ஸையும் ஆக்களையும் அக்கரைக்குக் கொண்டுபோற தட்டைத் தோணியை. கரையிலேயே எல்லாரும் இறங்கிவிடுவம், வெறும் பஸ்தான் ஏறும். ஏறினவுடன கொண்டக்டர் ஒரு பனங்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி, பஸ் உருளாமல் முன் சில்லுக்கு அடை வைப்பார். அவர் பிந்தினால் எங்களோட வாற மூதூர் முஸ்லிம் அண்ணன்மார், காக்காமார் எண்டுதான் கூப்பிடுவம், ஓடிப்போய் வைப்பினம். எங்களுக்கு இது பழகின விசயம்.

சாமான் வர வழியில்லாத ஊருக்கு பெயிண்ட் மட்டும் வழி கேட்டுக்கொண்டு லொறியில வந்திட்டுது. புதுப் பேர், புதுச் சின்னம், கொண்டக்டருக்குப் புதுத் தொப்பி. திறப்பு விழாவுக்கு முதல்நாள் ஒரு அதிகாரி வந்து பஸ்ஸுக்குள்ள இருந்த ஊத்தையெல்லாத்தையும் எறியச் சொன்னார். மீன் கூடை, கருவாட்டுச் சாக்கு, அதுகளோட கட்டையும் போச்சு. அது வேணும் எண்டு அப்பா சொல்லிப் பார்த்தவர். புது பஸ்ஸுக்கு விறகு என்னத்துக்கு எண்டு அந்தப் பெரிய மனுசன் சிரிச்சவராம். அது புது பஸ்ஸாம்! எனக்கு இப்பவும் பத்திக்கொண்டு வருது.

விழாவுக்கு மாலையும் வெள்ளை வேட்டியுமா அதிதிமார் பஸ்ஸில முன்னுக்கு இருந்தினம். வரவேற்புப் பாட்டுப் படிக்க எண்டு ஏத்தின நாங்கள் நாலைஞ்சு ரீச்சர்மார் பின்னுக்கு. துறையில அப்பா பஸ்ஸை நிப்பாட்டி, எல்லாரும் இறங்கோணும் எண்டார். வேட்டி சேறாகுமெண்டு ஒருத்தரும் அசையேல்லை. புதுச் சேவையில ஆக்கள் இறங்கத் தேவையில்லை, ஏத்தும் எண்டு அதிகாரி சத்தம் போட்டார்.

பஸ் பாதையில ஏறிச்சுது. கொண்டக்டர் பழக்க தோசத்தில குதிச்சு முன் சில்லுக்கு ஓடினார். கையில கட்டை இல்லை. வெறும் பஸ்ஸெண்டால் பிரேக் பிடிச்சிருக்கும். இந்தப் பாரத்துக்கு ஏலேல்லை. மெல்ல மெல்ல உருண்டு, பாதையின்ர முன்பக்கச் சங்கிலியை அறுத்து, மூக்கைத் தண்ணிக்குள்ள விட்டுட்டு நிண்டுது. கரையோரத்து மணலில சில்லு புதைஞ்சதால தப்பினம். அதிதிமார் மாலையோட இடுப்பளவு தண்ணிக்குள்ள இறங்கினதைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்கேலாமல் போச்சு. பிறகு அப்பாவைப் பார்த்தன். எல்லாரும் இறங்கின பிறகும் பிரேக்கை மிதிச்சபடியே இருந்தார்.

விசாரணை வைச்சவை. புதுச் சின்னத்துக்கு அப்பா முதல் நாளே அவமானம் தேடித் தந்தாராம். இதுதான் குற்றம். வெளியில நிண்ட எனக்கு அப்பாவின்ர குரல் கேட்டது.

“ஐயா, நான் பிரேக் கேட்டனான். நீங்கள் பெயிண்ட் தந்தனீங்கள்.”

வேலையால நிப்பாட்டிப்போட்டினம். பஸ்ஸை இழுத்தெடுத்து, சுரண்டுப்பட்ட இடத்துக்குத் திரும்பவும் பெயிண்ட் அடிச்சு றோட்டில விட்டவை. பிரேக் அதே பிரேக்தான். மூதூருக்கு வேற பஸ்ஸும் இல்லை, நான் ஏறத்தானே வேணும்.

அந்த பஸ் திரும்ப ஓடின முதல் நாள் அப்பாவும் என்னோட பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவர். வரவேண்டாமெண்டு சொன்னனான், கேட்கேல்லை. தன்ர சீட்டில இருந்த புது ட்ரைவரிட்ட, யன்னலைப் பிடிச்சுக்கொண்டு சொன்னார்:

“மெல்ல ஓட்டும் தம்பி. இதில என்ர பிள்ளை போறவள்.”