கோழிக்குழம்புக்கு நடுவே இன்சுலின்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பள்ளிக்கூடங்கள் இன்னும் திறக்காத ஜனவரி மாதத்து வார இறுதியில் நடந்தது இது. சிட்னியில் டூங்கபியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தெற்கே மூன்று மணி நேரம் காரில் போனால், கடலை ஒட்டிய காட்டுக்குள் ஒரு முகாம் இருக்கிறது. அங்கே கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி தங்கப் போனோம்.

நான், என் கணவர், பன்னிரண்டு வயது மகள், கூடவே எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா குடும்பம். அக்கா வீட்டில் வருஷம் தவறாமல் இப்படிப் போவார்கள். எனக்கு அதுதான் முதல் தடவை. வெந்நீர் வராத லாட்ஜுக்கே மூக்கைச் சுளிக்கிறவள் நான். காசு கொடுத்துத் தரையில் படுக்கப் போவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஆனால் போக வேண்டிய காரணம் ஒன்று இருந்தது. என் மகளுக்கு எட்டு வயதில் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வருவது போல மாத்திரையில் அடங்குகிற வகை இல்லை. அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பதே இல்லை. சாப்பிடும்போதெல்லாம் ஒரு ஊசி, ராத்திரி படுக்கும் முன் வேறொரு ஊசி. பார்க்கப் பேனா மாதிரி இருப்பதால் அதற்குப் பேரே பேனாதான். ஒரு நாள் முழுக்க அது இல்லையென்றால் ஆஸ்பத்திரியில்தான் போய் நிற்க வேண்டும். அதற்கு மேலும் போனால் என்ன ஆகும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்த வருஷம் அவள் பள்ளியில் ஐந்து நாள் முகாம் அறிவித்திருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் போகிறார்கள், நானும் போகட்டுமா என்று தினமும் ஒரு தடவை கேட்பாள். நான் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் என் கணவர்தான் சமாதானம் பேசினார். முதலில் நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு தடவை போவோம், அது நல்லபடியாக முடிந்தால் பள்ளி முகாமுக்கும் அனுப்பலாம் என்றார். சரி என்றேன். மகளுக்கு அந்த வார இறுதி ஒரு பரீட்சை.

சாமான் கட்டும் பொறுப்பை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் பெட்டி கட்டுவது என்றைக்குமே என் இலாகா. புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சப்பாத்தி, முறுக்கு, ஊறுகாய், குக்கர், தோசைக்கல், கூடவே மாவும். அக்கா வந்து எங்கள் சமையலறையை, அவர் பேச்சில் குசினியை, எட்டிப் பார்த்து, நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார். "என்ன தங்கச்சி, ரெண்டு நாளைக்குத்தானே போறம். வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போற மாதிரியெல்லே இருக்கு" என்றார். என் கணவர் தன் பங்குக்கு, மிக்ஸியை மட்டும் ஏன் விட்டுவிட்டாய், பாவம், தனியாக இருக்குமே என்றார். கூடாரத்தை எடுத்து வைத்தீர்களா என்று நான் திருப்பிக் கேட்டதும் நேரே காரேஜ் பக்கம் ஓடினார்.

நான் மிகவும் பெருமைப்பட்டது கோழிக்குழம்பு விஷயத்தில்தான். இங்கே நம்மவர்கள் வீட்டு ஃப்ரீஸரில் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து ஐஸ்கிரீமைக் கண்டவர்கள் அநேகமாகக் கிடையாது. சாம்பார் இருக்கும், இல்லாவிட்டால் மீன்குழம்பு. நானும் இரண்டு பெரிய டப்பா நிறையக் கோழிக்குழம்பை ஊற்றிக் கல்லாக உறைய வைத்திருந்தேன். ஐஸ்பெட்டிக்குத் தனியாக ஐஸ் வாங்க வேண்டாம், குழம்பும் கெடாது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

அசைவம் கொண்டு போகும்போது கூடவே ஒரு கரித்துண்டு வைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். காத்து கறுப்பு அண்டாது என்பார்கள். டூங்கபியில் கரித்துண்டுக்கு எங்கே போவது? பார்பிக்யூவுக்கு வாங்கிய மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றி, ஐஸ்பெட்டியின் மூடிமேல் வைத்தேன். மகள் அதைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள்.

அந்த வார இறுதியில் வெயில் கொளுத்தும் என்று சொல்லியிருந்தார்கள். வெயிலில் இன்சுலின் கெட்டுவிடும். அதனால் மத்தியானச் சாப்பாடும் அதற்கான ஊசியும் முடிந்ததும், புதுப் பேனாக்கள் இரண்டு, அவள் ஏற்கெனவே உபயோகித்துக்கொண்டிருந்த இரண்டு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, அந்த இரண்டு ஐஸ்கிரீம் டப்பாவுக்கும் நடுவே பத்திரமாகச் செருகினேன். உபயோகத்தில் இருக்கிற பேனாவை ஃப்ரிட்ஜில் வைக்கவே வேண்டாம் அம்மா என்று அவள் சொல்லிப் பார்த்தாள். இந்த வெயிலில் உனக்கு என்ன தெரியும், சும்மா இரு என்று அடக்கிவிட்டேன்.

கிளம்பும் முன் அவள் முதுகில் ஒரு சின்னப் பை முளைத்திருந்தது. அதில் என்ன என்று கேட்டேன். "மை ஸ்டஃப்" என்றாள். திற பார்க்கலாம் என்றேன். முடியாது என்றாள். டேப்லெட்டையும் உதட்டுச் சாயத்தையும் ஒளித்து எடுத்து வருகிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. வாசலில் வைத்தே ஒரு சண்டை. நேரமாகிறது, விடு என்று கணவர் காரைக் கிளப்பிவிட்டார். போகிற வழியெல்லாம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே போனேன்.

முகாம் அழகாகத்தான் இருந்தது. யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே புல்தரை, மரங்களைத் தாண்டினால் கடல். கடைசி முக்கால் மணி நேரம் மண் ரோடு. போனில் சிக்னல் அதற்கும் முன்பே போய்விட்டது. அக்கா வீட்டுக்காரர் தன் கூடாரத்தை முடித்துவிட்டு எங்களுடையதையும் நிமிர்த்திக் கொடுத்தார். பிள்ளைகள் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள். அக்கா தேத்தண்ணி போட்டுத் தந்தார். காற்று வீசியது. இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று எனக்கே தோன்றியது.

சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஐஸ்பெட்டியைத் திறந்தேன். குழம்பு இன்னும் பாறையாக இருந்தது. பரவாயில்லை, அடுப்பில் வைத்தால் இளகிவிடும் என்று அதைத் தூக்கினேன். நடுவில் இருந்த பை டப்பாவோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

பையைப் பிய்த்து எடுத்து, பேனாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிக்குள் இருந்த மருந்து தண்ணீராக இல்லை. உடைத்த கற்கண்டு மாதிரி வெள்ளையாக உறைந்திருந்தது. அடுத்ததைப் பார்த்தேன். அதுவும் அப்படியே. நான்கும்.

வெயிலில் கெடும் என்று சொன்ன அதே நர்ஸ், உறைந்தாலும் கெடும், மறுபடி உருகினாலும் வேலைக்காகாது, தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்றும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஐஸ் வைத்திருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காதாம், பிறகு தெரிந்துகொண்டேன். ஃப்ரீஸரிலிருந்து நேரே வந்த என் கோழிக்குழம்பு ஐஸைவிடக் குளிர்ச்சி. எல்லாம் தெரிந்தும், ஒரு பேனாவை உள்ளங்கையில் பொத்திச் சூடுபடுத்திக்கொண்டு நின்றேன்.

என் கணவர் பார்த்தார். கார் சாவியைத் தேடினார். அவர் கிண்டல் செய்யாமல் இருந்தால்தான் எனக்குப் பயம் கூடும். மகளின் கையில் ஒட்டியிருக்கும் சென்சார், சிக்னல் இல்லாவிட்டாலும் பக்கத்தில் இருந்தால் ப்ளூடூத்தில் சர்க்கரை அளவை என் போனுக்கு அனுப்பும். அவள் தண்ணீரை விட்டுக் கிட்டே வந்துகொண்டிருந்தாள் போலிருக்கிறது, போன் சிணுங்கியது. சாயங்காலம் ஊசி போடாமல் கொறித்த முறுக்கின் புண்ணியத்தில் அளவு ஏறிக்கொண்டிருந்தது.

அக்கா வந்து என் தோளைப் பிடித்தார். "பதறாதை தங்கச்சி. பிள்ளை இன்னும் சாப்பிடேல்லைத்தானே. இப்பவே வெளிக்கிட்டா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம். நானும் வாறன்."

இருட்டப் போகிற நேரம், விளக்கில்லாத மண் ரோடு, அந்தி நேரத்தில் குறுக்கே பாயும் கங்காருக்கள், ஒன்றரை மணி நேரப் பயணம். அதெல்லாம்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. இனி இந்தப் பிள்ளையை எங்கேயும் அனுப்பக் கூடாது, பள்ளி முகாமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று அங்கே நின்றபடியே முடிவு கட்டிவிட்டேன். பரீட்சை முடிந்துவிட்டது. அதில் அவள் தோற்றுவிட்டதாக நான் நினைத்தேன் பாருங்கள், அதுதான் வேடிக்கை.

தலையில் தண்ணீர் சொட்ட, காலெல்லாம் மணலாக மகள் வந்து சேர்ந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். உறைந்து கிடந்த குழம்பையும் பார்த்தாள். துண்டைப் போர்த்திக்கொண்டு கூடாரத்துக்குள் போனாள். அழப் போகிறாள் என்று நினைத்து நானும் பின்னாலேயே போனேன். அவள் அந்தச் சின்னப் பையைத் திறந்துகொண்டிருந்தாள்.

உள்ளே டேப்லெட் இல்லை. உதட்டுச் சாயம் இல்லை. ஒரு டார்ச், சர்க்கரையைச் சோதிக்கும் கருவி, அளவு திடீரென்று குறைந்தால் தின்ன இனிப்பு மிட்டாய், இரண்டு பிஸ்கட் பாக்கெட். எல்லாவற்றுக்கும் அடியில், தண்ணீரில் நனைத்தால் தானாகக் குளிர்ந்திருக்கும் துணிப்பை ஒன்று. அதற்குள் இரண்டு பேனாக்கள். சாப்பாட்டுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் வெண்ணெய் வைக்கிற தட்டிலிருந்து எனக்குத் தெரியாமல் எடுத்தவை.

அவள் ஊசியை மாட்டினாள். கொஞ்சம் மருந்தை வெளியே விட்டு, நுனியில் சொட்டு வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. கையைத் துடைத்துவிட்டு, டி-ஷர்ட்டைத் தூக்கி வயிற்றில் போட்டுக்கொண்டாள். நான் மண்டியிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விரல் நடுங்கவில்லை. உறைந்த பேனா இன்னும் என் கையிலேயே இருந்தது.

"என்கிட்ட ஏண்டி சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ இதையும் எஸ்கியில வச்சிருப்பேம்மா."

எஸ்கி என்பது இங்கே ஐஸ்பெட்டிக்குச் சொல்லும் பெயர். அவள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. மழை வரும், குடை எடுத்துக்கொள் என்பது போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் உடம்பெல்லாம் உப்பும் மணலும். "அம்மா, ஐம் வெட்" என்று நெளிந்தாள்.

யார் சொல்லிக் கொடுத்தது என்று பிறகு கேட்டேன். வீட்டை விட்டுத் தூரம் போனால் மருந்தை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு இடத்தில் பிரித்து வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். நீயும் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய் என்றாள். உட்கார்ந்திருந்தேன், உண்மைதான். அன்றைக்கு நான் என்ன யோசித்துக்கொண்டிருந்தேனோ.

கணவர் கார் சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு, புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா குழம்பை அடுப்பில் ஏற்றினார். அது இளகுகிற வழியாகத் தெரியாததால் புளியோதரையைப் பிரித்து எல்லோரும் சாப்பிட்டோம். தட்டை நீட்டும்போது அக்கா என் காதருகே சொன்னார். "நீ குசினியைக் கட்டிக்கொண்டு வந்தனீ. அவள் தேவையானதைக் கட்டிக்கொண்டு வந்தவள்." வேறு யாராவது சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். அக்கா சொன்னதால் தலையை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன். போனில் எண் மெல்ல இறங்கி, இருக்க வேண்டிய இடத்துக்கு வந்து நின்றது.

மறுநாளும் அங்கேயே இருந்தோம். மகள் நாள் முழுக்கக் கடலில் கிடந்தாள். அந்தச் சின்னப் பையை என் பக்கத்தில் நிழலில் வைத்துவிட்டு, துணி காய்ந்தால் மட்டும் நனைத்துவிடு, வேறு எதுவும் செய்யாதே என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடி செய்தேன்.

குளிர்காலத்தில் பள்ளி முகாம் வந்தது. கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை அவளே பெட்டி கட்டினாள். நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்னும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்து வந்து போனது. அப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று பெற்றவர்களுக்குத் தெரியும். ஆனால் கிளம்புகிற அன்று காலை, அவள் பல் தேய்க்கப் போன சமயத்தில் மனசு கேட்கவில்லை. பார்பிக்யூ மூட்டையிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றி, முதுகுப்பையின் பக்கவாட்டில் செருகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தாள். கறுத்து, களைத்து, தொண்டை கட்டி, ஒரே சந்தோஷம். அவள் குளிக்கப் போனதும் அழுக்குத் துணிக்காகப் பையை இறக்கினேன். பக்கவாட்டில் கரித்துண்டு இல்லை. பார்த்தவுடன் தூக்கிப் போட்டிருப்பாள், போட்டால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். பேனாக்களை எடுத்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்று அந்தத் துணிப்பையைத் திறந்தபோது, அவற்றோடு ஒட்டினாற்போல அது இருந்தது. ஈரம் படாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, காகிதத்தை மாற்றி, அழகாக மடித்து வைத்திருந்தாள்.

அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பேனாக்களை மட்டும் ஃப்ரிட்ஜில் வைத்தேன். அவளுக்கு என்ன தேவை என்று யோசித்து யோசித்தே எனக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்திருந்தேன். எனக்கு என்ன தேவை என்று அந்தப் பிள்ளையும் யோசித்திருக்கிறாள் என்பது அந்தக் கரித்துண்டைப் பார்க்கும் வரை எனக்குத் தெரியாது.