வேர்க்கும் படம்

லண்டன் ஓவியர் எங்கள் துறைமுகத்தை வரைய உட்கார்ந்து, சாயம் கரைக்கத் தண்ணீர் கேட்டார். கிணறு மேட்டில் இருந்ததால் என் பக்கத்து வீட்டு லவ்டே கடல்தண்ணீரையே மொண்டு கொடுத்துவிட்டாள். உப்பேறிய படம் சரியாகக் காயவில்லை. எரிச்சலில் அவளிடமே விட்டுப் போனார். அலையில்லாத கடல், நடுவில் அவள் புருஷன் ஜேகோவின் படகு.

மழைக்காற்று வந்தால் படம் வேர்க்கும். ஒருநாள் ஜேகோவிடம் சொன்னாள்: "படம் வேர்க்குது, இன்னிக்குப் போகாதய்யா."

"போடி, நீ குடுத்த தண்ணி அப்படி!" சிரித்துக்கொண்டே கடலுக்குப் போனவன் திரும்பவில்லை.

அதன்பிறகு படம் வேர்த்தால் அந்தப் படகை மட்டும் துணியால் ஒற்றுவாள்.

"துடைக்காதேடி, சாயம் போகுது!" என்று கத்தினேன்.

"நனையுறாரு அக்கா."

இப்போது படத்தில் கடல் அப்படியே இருக்கிறது. படகைத்தான் காணோம்.