கேள்வி கேட்காத குறுந்தகடு

மகேசு அக்காவின் மகள் முகத்தை அழித்தவன் நான். கடற்காற்று அல்ல... நான்!

அப்போது சிதம்பரத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து கணினியை இயக்கும் லினக்ஸ் என்ற மென்பொருளைக் குறுந்தகட்டில் பதிந்து இலவசமாகக் கொடுத்துவந்தோம். இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் வசதி எத்தனை வீட்டில் இருந்தது? தமிழ் எழுத்துரு, கடிதம் அடிக்க, பாட்டுக் கேட்க வேண்டிய மென்பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே தகட்டில் அடுக்கித் தருவது என் பொறுப்பு. அதில் எனக்குக் கர்வம் ஜாஸ்தி.

ஒரே ஒரு தொல்லை. நிறுவும்போது நடுவில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வரும். கணினியின் வன்தட்டில் இருப்பதையெல்லாம் அழித்துவிடலாமா, பழையதை அப்படியே விட்டுவிட்டு மீதி இடத்தில் லினக்ஸ் உட்காரட்டுமா? அங்கேதான் எல்லோரும் மிரண்டுபோய் எனக்குப் போன் செய்வார்கள். எனக்குச் சலித்துவிட்டது. 'அழித்துவிடு' என்ற பதிலை நானே உள்ளே எழுதிவைத்து, கேள்வியே எழாமல் செய்தேன். ஒரு காலி வன்தட்டில் போட்டுப் பார்த்தேன்... அருமையாக ஓடியது! உறையின் மேல் எச்சரிக்கையாக ஒரு வரி எழுதினேனா? இல்லை. அழகு கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

மகேசு அக்கா கடலோரத் தேவனாம்பட்டினத்தில் தட்டச்சுக் கடை வைத்திருந்தார். சுனாமியில் மகளைப் பறிகொடுத்தவர். வீட்டிலிருந்த படங்களும் அலையோடு போய்விட்டன. குழந்தையின் காதுகுத்தில் உறவினர் ஒருவர் எடுத்த படங்கள் மட்டும் அக்காவின் கடைக் கணினியில் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை.

என் தகட்டைப் போட்டார். அது அவரை எதுவுமே கேட்கவில்லை.

"எல்லாம் புதுசா வருது தம்பி. பாப்பா படத்த மட்டும் காணோம்..."

போனில் இதைக் கேட்டதும் ஓடினேன். திரையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. என்ன சொன்னேன் தெரியுமா?

"உப்புக் காத்துக்கா. படம் இருந்த எடத்த அரிச்சிடுச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

முடியாதா? அழிந்ததை மீட்கத் தெரிந்தவர்கள் புதுச்சேரியில் இருந்தார்கள். உடனே கொண்டுபோயிருந்தால் ஒரு படமாவது கிடைத்திருக்கலாம். ஆனால் எதனால் அழிந்தது என்று அவர்கள் சொல்லிவிடுவார்களே! என் பெயர் கெட்டுவிடுமே! அந்தப் பயத்தில் ஒரு தாயைப் பார்த்துப் பொய் சொன்னேன். இப்படியும் ஒருவன் இருப்பானா?

அடுத்த தகட்டில் அந்தக் கேள்வியைச் சத்தமில்லாமல் திரும்ப வைத்தேன். என்ன மாற்றினேன் என்று எழுத வேண்டிய இடத்தில் 'சில சிறு திருத்தங்கள்' என்று எழுதினேன். எங்கள் மென்பொருளில் ஒளிவுமறைவே இல்லை, உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம் என்று மேடைதோறும் முழங்கியவன் நான்... சிறு திருத்தங்களாம்!

சில வருடங்கள் கழித்து அக்கா கடைக்குப் போயிருந்தேன். கடல் பக்கத்து ஜன்னலைப் பலகை வைத்து அறைந்திருந்தார்கள். உள்ளே வெந்துகொண்டிருந்தது.

"அப்பவே மூடியிருக்கணும் தம்பி. காத்து வரட்டும்னு நாந்தான் தெறந்து வெச்சேன். எம்புள்ள மொவத்த நானே தொலச்சிட்டேன்."

அக்கா டீ கொடுத்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.