மணலி சாலையில் இரண்டு பர்லாங்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் ராயபுரத்தில் தொடங்கி மத்தியானம் மணலி சாலையில் முடிந்தது. அன்று யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனாலும் அதை லேசாக எடுத்துக்கொள்ள இன்றும் என்னால் முடியவில்லை.

அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, ஒரு சாலை அலுவலகத்தில் படம் வரையும் வேலையில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தேன். வரைபட அறையில் எட்டு ஆண்கள், நான் ஒருத்தி. அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா துறைமுகத்தில் அடிபட்டு வீட்டோடு இருந்த சமயம் அது. அதனால் அந்த அடுத்த மாதத்தை வீட்டில் எல்லோருமே நாள் எண்ணிக் காத்திருந்தோம்.

என் வேலை என்னவென்று சொன்னால்தான் மற்றது புரியும். ஒரு சாலையை நாங்கள் நான்கு டிரேசிங் தாள்களில் வரைவோம். முதல் தாளில் சாலையும் கிலோமீட்டர் கற்களும். இரண்டாவதில் பாலங்கள். மூன்றாவதில் மண்ணுக்கடியில் போகும் குழாய்களும் கேபிள்களும். நான்காவதில் தலைக்கு மேலே உள்ள மின்கம்பிகள், மரக்கிளைகள். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜையில் நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், அந்தச் சாலையில் எது எங்கே இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வெளிநாட்டில் இதையே கம்ப்யூட்டருக்குள் ஏற்றப் பார்க்கிறார்களாம் என்று எங்கள் இன்ஜினீயர் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னார். "அப்புறம் உனக்கு வேலை இருக்காதும்மா" என்று பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். "உங்களுக்கும்தான் சார்" என்றேன்.

அந்த மாதம் மணலியில் ஒரு தொழிற்சாலைக்குக் கப்பலில் ஒரு பெரிய கொதிகலன் வந்து இறங்கியிருந்தது. துறைமுகத்திலிருந்து ராயபுரம், திருவொற்றியூர் வழியாகப் போய், மேற்கே திரும்பி மணலி சேர வேண்டும். சக்கரங்களை எண்ணவே ஒரு நிமிடம் பிடிக்கும் அளவுக்கு நீளமான டிரெய்லர். ஆள் நடக்கும் வேகத்தில்தான் போகும். வழியில் எந்தப் பாலம் தாங்கும், எது தாங்காது என்று காட்டும் படத்தை வரையும் பொறுப்பு எனக்கு வந்தது.

வழியெல்லாம் பார்த்ததில் தாங்காத பாலம் ஒன்றே ஒன்று. மணலி சாலையில் ஒரு பழைய செங்கல் வளைவுப் பாலம். நீளம் மூன்று நான்கு கெஜம்தான். மேலே தார் போட்டிருப்பதால் பாலம் என்றே தெரியாது. 'வளைவில் விரிசல், கனரக வண்டிகளுக்கு ஆகாது' என்று பழைய பதிவேட்டில் எழுதியிருந்தது. அதன்மேல் கட்டைகளை அடுக்கி, கனமான இரும்புத் தகடுகளைப் பாலம் போல் போட்டு, அதற்குமேல்தான் வண்டியை ஏற்ற வேண்டும்.

மைல்கற்களைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கற்கள் நட்டு முடித்திருந்த காலம் அது. பதிவேடு முழுவதும் மைல், பர்லாங் கணக்கு; ஒரு பர்லாங் என்றால் சுமார் இருநூறு மீட்டர். எல்லாவற்றையும் கிலோமீட்டராக மாற்றி, இரண்டு முறை சரிபார்த்து, இரண்டாவது தாளில் அந்தப் பாலத்துக்குச் சிவப்பில் வட்டமிட்டேன். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. படத்தின் மூலையில் 'வரைந்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டபோது பெருமையாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை சாலைக் கூலி ஆட்களின் மேஸ்திரி வரைபட அறைக்கு வந்தார். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். திருவொற்றியூர்க்காரர். எதையும் கிண்டலாகவே சொல்வார்.

"இன்னாம்மா, கல்லுலேர்ந்து டேப்பு புடிச்சு நீ வட்டம் போட்ட எடத்துக்குப் போனா, பாலம் ஜம்முனு கீது. அதுக்கு இன்னாத்துக்கு தகடு?"

நான் வேறு ஒரு கணக்கில் மூழ்கியிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. "மேலே ஜம்முன்னுதான் இருக்கும் மேஸ்திரி. அடியிலதான் விரிசல். படத்துல இருக்கற நம்பர் பாத்துப் போடுங்க."

"படிச்சவங்க சொன்னா சர்தான்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் சர்ச்சில் முதல் பூசை முடிந்து அம்மாவும் நானும் வெளியே வந்தபோது, தெருவே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. டிரெய்லர் வந்துகொண்டிருந்தது. சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கட்டைகளைத் தோளில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு பேர் நடந்தார்கள். வண்டி எங்கே நின்றாலும், பின்னுக்கு உருளாமல் இருக்க அவர்கள் குனிந்து சக்கரத்தடியில் கட்டையைச் செருக வேண்டும். முன்னால் மேஸ்திரி, அவர் தோளிலும் ஒரு கட்டை. என்னைப் பார்த்ததும் ஓரமாக வந்தார்.

"தகடு போட்டாச்சும்மா. நீ சொன்னியேன்னு அடியில குனிஞ்சும் பாத்தேன். விரிசலைக் காணோம். சிமென்ட் குழாய் பளபளன்னு கீது. புது மாப்ளைக்கு கம்பளி போத்தினா மாதிரி கீது போ!"

நானும் சிரித்தேன். இரண்டடி நடந்த பிறகுதான் உறைத்தது. செங்கல் வளைவுப் பாலத்தில் குழாய் ஏது?

அப்போதே ஓடிப்போய் வண்டியை நிறுத்தியிருக்கலாம். செய்யவில்லை. உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று தோன்றியது. பயமும்தான். அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பத்து நிமிட நடையில் இருந்த அலுவலகத்துக்கு வேகமாகப் போனேன். காவலாளி சாவியைத் தேடி எடுப்பதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது.

பதிவேட்டைப் பிரித்தேன். நான் பார்த்து எழுதிய பக்கம் சரியாகவே இருந்தது. பிறகு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், யாரோ முன்பு இருந்தவர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'மணலி சாலை வளைந்து செல்லும் பகுதி நேராக்கப்பட்டது. அதற்கு அப்பால் உள்ள தூரங்களில் இரண்டு பர்லாங் குறைத்துக்கொள்ளவும்.'

அந்தப் பக்கத்தை நான் திருப்பியே பார்க்கவில்லை. சாலையின் நீளம் குறைந்து, கிலோமீட்டர் கற்களும் அதன்படியே நட்டாகிவிட்டது; என் பாலம் மட்டும் பழைய தூரத்திலேயே நின்றது. என் வட்டம் விழுந்த இடத்தில், பதிவேட்டில் இல்லாத ஒரு புதுக் குழாய்ப் பாலம் இருந்தது தற்செயல். ஒன்றுமே இல்லாத வெறும் சாலையாக இருந்திருந்தால் மேஸ்திரி அன்றே என்னை விட்டிருக்க மாட்டார். இப்போது தகடெல்லாம் நல்ல பாலத்தின்மேல். விரிசல் விட்ட பாலம் அதற்கு இரண்டு பர்லாங் முன்னாலேயே, தகடில்லாமல். வண்டி முதலில் அதன்மேல்தான் ஏறும்.

நாற்காலியில் உட்கார்ந்து என்னவெல்லாம் செய்ய முடியும் என்று எண்ணினேன். இன்ஜினீயர் ஜீப்பில் மணலிக்கு முன்னாலேயே போய்விட்டார். அங்கே போன் எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. டிரெய்லர் போவதால் பஸ்களை நிறுத்திவிட்டார்கள். மிஞ்சியது வீட்டில் இருந்த அண்ணன் சைக்கிள்தான்.

வீட்டுக்கு ஓடி, பதிவேட்டைக் கேரியரில் கட்டி, புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தேன். தெருவில் யார் யாரோ ஏதோ சொன்னார்கள். காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லாக எண்ணிக்கொண்டே போனேன். பழக்கம். திருவொற்றியூரில் மேற்கே திரும்பியபோது சாலையில் சக்கரத் தடம் ஈரமாகத் தெரிந்தது. வண்டி எனக்கு முன்னால் போயிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது டிரெய்லர் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பகுதிக்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, குறுக்கே இருந்த ஒரு மின்கம்பியைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் நூறு கெஜத்துக்குள் சாலையின் இரு ஓரத்திலும் புல் மூடிய இரண்டு குட்டைச் சுவர்கள். அதுதான் செங்கல் பாலம். சாலை அங்கே லேசாக மேடேறியது. கட்டை ஆட்கள் சக்கரத்தை ஒட்டி நின்றிருந்தார்கள்.

வண்டியைக் கொண்டுபோகும் கம்பெனியின் சூப்பர்வைசர் ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"ஏம்மா, சைக்கிள்ல வந்து நிறுத்துன்னா நிறுத்திட முடியுமா? பத்து மணிக்குக் கரண்ட் விடணும். ஊரே திட்டிக்கிட்டு இருக்கு. இதோ பாரு, உங்க ஆபீஸ் கையெழுத்துப் போட்ட படம்."

"அந்தக் கையெழுத்து என்னுதுதான். படம் தப்பு."

அவர் கையிலிருந்த படத்தை வாங்கி, ஜீப்பின் முகப்பில் வைத்து, பையிலிருந்த சிவப்புப் பென்சிலால் எழுதினேன். 'இரண்டாம் தாள் தவறு. செங்கல் பாலம் இரண்டு பர்லாங் முன்னால் உள்ளது.' கீழே கையெழுத்து, தேதி, மணி. எழுதும்போது அடுத்த மாதம் என்பது மனதில் வந்து போனது. எழுதிய படத்தை அவரிடமே நீட்டினேன்.

"நீ எழுதினா ஆச்சா? இன்ஜினீயர் எழுதட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் டிரைவருக்குக் கையைக் காட்டினார். எஞ்சின் உறுமியது.

நான் மேஸ்திரி பக்கம் திரும்பினேன். எஞ்சின் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "மேஸ்திரி, வெள்ளிக்கிழமை நீங்க கேட்டதுதான் சரி. நான்தான் தப்பு. விரிசல் விட்ட பாலம் இதோ இதுதான்."

அவர் என்னைப் பார்த்தார். பாலத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அன்று அவர் பேச்சை நான் கேட்ட லட்சணத்துக்கு, இன்று அவர் என் பேச்சைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. தோளிலிருந்த கட்டையைத் தொப்பென்று தரையில் போட்டார்.

"டேய், கட்டையைக் கீழ போடுங்கடா. அல்லாரும் ஓரமா குந்துங்க."

மற்ற பன்னிரண்டு கட்டைகளும் விழுந்தன. முட்டுக்கட்டை இல்லாமல் மேட்டில் வண்டியை ஏற்ற டிரைவருக்குத் துணிச்சல் வரவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டார்.

"என்ன மேஸ்திரி, வம்பு பண்றியா?" என்று சூப்பர்வைசர் ஜீப்பிலிருந்து குதித்தார்.

"வம்பு இன்னா நைனா வம்பு? உன் காலு ஜீப்புல கீது. எங்க காலு சக்கரத்தாண்ட கீது. இந்தம்மா தப்புன்னு எழுதியே குட்த்துட்டாங்கோ. இன்ஜினீயரு வர்ட்டும்."

கட்டை ஆட்களில் ஒருவர் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு இன்ஜினீயரைத் தேடிப் பறந்தார்.

பிறகு வந்ததுதான் எனக்கு மிகவும் கஷ்டமான நேரம். பதிவேட்டில் விரிசல் என்று இருக்கிறது. ஆனால் நான் அந்த விரிசலைக் கண்ணால் பார்த்ததில்லை. நடுவில் யாராவது பழுது பார்த்திருந்தால்? சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. "கரண்ட்டு எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பொறுக்க முடியாமல் ஓடைக்குள் இறங்கினேன். முழங்கால் வரை மழைத்தண்ணீர், நாற்றம். மேஸ்திரியும் பின்னால் இறங்கினார். "கலீஜ் தண்ணிம்மா, பாத்து வை காலை" என்று சொல்லிவிட்டு ஒரு தீக்குச்சியைக் கிழித்துத் தூக்கிப் பிடித்தார்.

வளைவின் நடுவே கோணல்மாணலாக ஒரு பிளவு ஓடியது. என் கை மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று. ஓரத்தில் ஏழு செங்கற்களைக் காணோம். நான் எண்ணினேன்.

தீக்குச்சி அணைந்தது. இருட்டில் மேஸ்திரி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "யம்மாடி."

இன்ஜினீயர் வந்து, தானும் இறங்கிப் பார்த்துவிட்டு, மேலே ஏறித் தகடுகளைக் கொண்டுவரச் சொன்னார். தகடுகளை அங்கிருந்து பெயர்த்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, இங்கே போட்டு முடிக்கப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. வண்டி ஏறும்போது யாரையும் பக்கத்தில் நடக்க விடவில்லை. நான் ஓடைக்கரையில் நின்று வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரங்கள் ஒவ்வொன்றாகத் தகட்டின் மேல் போயின. தகடு இருந்தும், பிளவிலிருந்து ஒரு கைப்பிடி செங்கல் தூள் உதிர்ந்து தண்ணீரில் கரைந்தது. கடைசிச் சக்கரமும் பாலத்தைத் தாண்டி இறங்கியது.

திங்கட்கிழமை விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நடந்ததை வரிசையாக எண் போட்டு எழுதினேன். ஏழாவதாக, வெள்ளிக்கிழமை மேஸ்திரி வந்து கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் எழுதினேன். இன்ஜினீயர் படித்துவிட்டு, "ஏழாவது எதுக்கும்மா? உனக்குத்தான் பாதகம்" என்றார். இருக்கட்டும் சார் என்றேன். வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. வீட்டில் அம்மா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

அதற்குப் பிறகு நான் வரையும் எல்லாப் படத்துக்கும் ஐந்தாவதாக ஒரு தாள் உண்டு. சாலையில் வேலை செய்பவர்கள் சொல்வதையும் கேட்பதையும் அந்தந்த இடத்திலேயே குறித்து வைப்பேன். இங்கே மழைக்குத் தார் இறங்குகிறது. இந்த மதகில் தண்ணீர் எதிர்த்திசையில் போகிறது. இப்படி. பக்கத்து மேஜைக்காரர் அதற்கு 'வம்புத் தாள்' என்று பெயர் வைத்திருக்கிறார். ஆனாலும் போன மழையில் இரண்டு முறை அவரே அதை இரவல் வாங்கிப் போனார்.

மேஸ்திரி இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் வருவார். அவர் வாய் திறக்கும் முன்பே நான் பென்சிலைக் கீழே வைத்துவிடுவேன். பாதி நாள் அவர் கேட்பது, ஆட்களுக்கு மழைக்கோட்டு எப்போது வரும் என்றுதான். அன்றும் நிமிர்ந்து பார்த்து என்ன பாலம் என்று கேட்க எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடத்தை நான் கொடுக்காததால், பன்னிரண்டு பேர் ஒன்றும் தெரியாமல் சக்கரத்தை ஒட்டி அந்தப் பாலம் வரை நடந்து வந்தார்கள் என்பதை என்னால் மறக்கவே முடியாது.