தீபாவளிக்கு முன் திறக்கக் கூடாது

என் மனைவி வனிலா ஊறிக்கொண்டிருந்த இரண்டு போத்தல்களை விட்டுச் சென்றாள். பத்து பாகாட்டிலுள்ள எங்கள் வீட்டுச் சாமான் அறையில், அரிசி டின்னுக்குப் பின்னால், வெளிச்சம் படாத மூலையில் அவை நின்றன. இரண்டின் மீதும் அவள் கையெழுத்தில் காகித நாடா ஒட்டியிருந்தது. ஒன்றில் ‘நம்ம வீட்டுக்கு’ என்றும் மற்றதில் ‘பக்கத்து வீட்டுக்கு’ என்றும் எழுதியிருந்தாள். இரண்டிலும் அடியில் ஒரே வரி: ‘தீபாவளிக்கு முன் திறக்கக் கூடாது.’ அவற்றை ஊறவைத்த மூன்றாம் மாதம் அவள் இறந்தாள்.

கடையில் விற்கும் எசன்ஸில் மருந்து வாடை அடிக்கிறது என்பது அவளுடைய தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது. ஆண்டுதோறும் ஒரு முறை காஹாங்குக்குக் காரில் போவோம். அங்கே செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி ஒருவர் நிழல்வலைக்கு அடியில் வனிலாக் கொடி வளர்த்து, காய்களைத் தாமே பதப்படுத்தி விற்கிறார். விரலில் சுற்றினால் ஒடியாமல் வளைகிற காய்களை மட்டும் அவள் பொறுக்குவாள். வீட்டுக்கு வந்து, கூரிய கத்தியால் ஒவ்வொரு காயையும் நீளவாக்கில் கீறி, உள்ளே இருக்கும் கறுப்பு விதை தெரியும்படி விரித்து, வோட்கா போத்தலுக்குள்ளேயே இறக்குவாள். வோட்கா வாங்குவது மட்டும் என் வேலை. அந்தக் கடை வாசலில் அவளை யாரும் பார்த்துவிடக் கூடாது. பிறகு வெள்ளிதோறும் விளக்கேற்றிய கையோடு போய் இரண்டு போத்தல்களையும் ஒருமுறை குலுக்கிவிட்டு வருவாள். நிறம் முதலில் வெறுந்தேநீர் போல இருக்கும். போகப்போகப் பால் சேர்க்காத கோப்பி ஓ போலக் கறுக்கும்.

பதினாறாம் நாள் காரியத்தின்போது, தாம்பாளம் தேடிச் சாமான் அறைக்குள் போன என் மைத்துனர், அவளுடைய அண்ணன், ‘நம்ம வீட்டுக்கு’ என்ற முதல் போத்தலைக் கையில் பிடித்தபடி கூடத்துக்கு வந்தார். வோட்கா நிறுவனத்தின் லேபிள் அதில் அப்படியே இருந்தது. உறவினர்கள் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். துக்கம் தாளாமல் நான் குடிக்கத் தொடங்கிவிட்டேன் என்று அந்த ஒரு நொடியில் கூடமே முடிவு செய்ததை நான் உணர்ந்தேன்.

“மாப்பிள்ளை, என் தங்கச்சி படம் வச்சிருக்கிற வீட்டுல இது எதுக்கு? கீழ ஊத்திடறேன்.”

“அது உங்க தங்கச்சி போட்டது மச்சான். கேக்குக்கு.”

அவர் அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, “அத வெளிய சொல்லாதீங்க,” என்றார்.

நான் குடிகாரன் என்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. தம் தங்கை மதுவைக் கையால் தொட்டாள் என்பதைப் பொறுக்க முடியவில்லை. என் தந்தையின் காரியம் இதே கூடத்தில்தான் நடந்தது. அன்று இதே மைத்துனர்தான் ஸ்டவுட் பீர் போத்தலைத் திறந்து, நுரை வழியாமல் கிளாஸில் ஊற்றி, “மாமாவுக்குப் பிடிக்கும்லா,” என்று படையலில் வைத்தார். யாரும் தலையைக் குனியவில்லை.

அவர் கையிலிருந்து போத்தலை வாங்கினேன். நாற்பத்தோர் ஆண்டுகளில் அவர் கையிலிருந்து நான் எதையும் அப்படி வாங்கியதில்லை. வாழையிலையில் வடைக்கும் அவளுக்குப் பிடித்த சம்பால் இறாலுக்கும் நடுவே அதை வைத்தேன்.

“எங்கப்பாவுக்கு வச்சோம். இவளுக்கும் இருக்கட்டும்.”

படையல் முடியும்வரை அது அங்கேயே இருந்தது. புறப்படும்போது மைத்துனர், ஓராண்டுக்கு இந்த வீட்டில் பலகாரம் செய்யக் கூடாது, தீபாவளிக்கு மற்றவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார். நான் பதில் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். வாழ்நாள் முழுவதும் என் மௌனத்தை மற்றவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். போத்தலில் அவள் எழுதியிருந்த வரியை நான் அன்றே ஓர் ஆணையாக ஏற்றுக்கொண்டிருந்தேன். இந்தத் தீபாவளிக்கு அது திறக்கப்படும். அவளுடைய கேக் இந்த வீட்டில் வேகும்.

வெள்ளிதோறும் குலுக்கினேன். ஆறாம் மாத வாக்கில், இரண்டு போத்தல்களிலும் திரவம் சற்றே இறங்கிக் காய்களின் நுனி வெளியே தெரிவதைக் கண்டேன். நுனி காற்றில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். மிச்சம் வைத்திருந்த வோட்காவை எடுத்து இரண்டிலும் ஊற்றி நிரப்பினேன். இரண்டாவது போத்தலில் அது உடனே கலக்கவில்லை. மேலே ஒரு தெளிந்த அடுக்காக நின்றது. நன்றாகக் குலுக்கிக் கலக்கினேன். மண் ஆராய்ச்சியில் முனைவர் பட்டம் பெற்று, முப்பது ஆண்டுகள் ஆய்வகம் நடத்தியவன் நான். என் மாணவர் ஒருவர் காரணம் கேட்காமல் இப்படிச் செய்திருந்தால் அன்றைய பணியிலிருந்து விலக்கியிருப்பேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கையில் உண்மை தெரிந்தது. வேலிக்கு அப்பால் இருப்பவர் ஓய்வுபெற்ற மலாய் முஸ்லிம் தாதி. என் மனைவி இறந்ததிலிருந்து வாரத்தில் மூன்று நாள் எனக்குச் சோறும் குழம்பும் கொடுத்தனுப்புகிறவர். இந்த ஆண்டும் தம்முடைய போத்தல் இருக்கிறதா என்று அவர் தயங்கியபடி விசாரித்தார். அவருக்கென்று என் மனைவி மது சேர்க்காமல், சமையலுக்கான கிளிசரினில் ஊறவைப்பாளாம். அவருக்குரிய கேக்கைத் தனித் தட்டில், தனிக் கரண்டி கொண்டு செய்வாளாம். அந்தத் தட்டு எங்கள் அலமாரியின் மேல்தட்டில், துணி சுற்றி இருக்கிறதாம். பன்னிரண்டு ஆண்டுகளாக என் வீட்டில் நடந்துவந்ததை வேலிக்கு அப்பாலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். துணி சுற்றிய தட்டு இருந்தது. ‘பக்கத்து வீட்டுக்கு’ என்று அவள் எழுதியதை நான் அன்பளிப்பு என்று வாசித்திருந்தேன். அது எச்சரிக்கை.

நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. கேக்கில் இரண்டு கரண்டிதான் சேரும். நிறத்திலோ சுவையிலோ வேறுபாடு தெரியாது. இந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அன்று மாலையே வேலி ஓரம் சென்று, நான் செய்ததைச் சொன்னேன்.  அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். படித்த டாக்டர், ஆனால் சமையலறைக்குள் விட்டால் ஆபத்து என்று என் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளாம். வனிலா இல்லாமல் ஒரு கேக் செய்து கொடுங்கள், மணத்துக்குப் பாண்டான் இலை தருகிறேன் என்றார். முடியாது என்றேன். அவள் செய்யாத கேக்கை அவள் பெயரில் நான் கொடுக்க மாட்டேன்.

தீபாவளி காலையில் முதல் போத்தலைத் திறந்தேன். அவள் விரல்களின் மணம் வந்தது என்று எழுத நான் விரும்பவில்லை. வந்தது வனிலாவின் மணம். வெண்ணெயும் சீனியும் வெளுக்கும்வரை அடித்து, அவள் குறிப்பிலிருந்த அளவுப்படியே மாவு, முட்டை, வனிலாச் சாறு சேர்த்து, அடுப்பில் வைத்தேன். நடுவில் லேசாக அமுங்கியது. மற்றபடி கேக்தான்.

கேக் ஆறுவதற்குள் மைத்துனர் வந்துவிட்டார். முறைப்படி ஒரு டின் முறுக்கும் அதிரசமும் கையில் இருந்தன. வாசல் கேட்டிலேயே நின்றுவிட்டார். மணம் அங்கேயே எட்டியிருந்தது.

“அடுப்பு வச்சீங்களா மாப்பிள்ளை?”

“வச்சேன்.”

“வருஷம் திரும்பல. நாளைக்கு நாலு பேரு கேட்டா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன் மச்சான். இத்தன வருஷமா இந்த வீட்டுக்கு அவதான் பதில் சொன்னா. இனி நான் சொல்றேன்.”

அவர் உள்ளே வந்தார். தங்கையின் படத்துக்கு முன்னால் முழுக் கேக்கும், அதன் பக்கத்தில் லேபிளைக் கிழிக்காத வோட்கா போத்தலும் இருப்பதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தாம் கொண்டுவந்த டின்னைத் திறந்து, ஒரு முறுக்கை எடுத்துக் கேக்குக்கு இந்தப் பக்கம் வைத்தார். அவர் கேக் சாப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் தனியாகக் காஹாங்குக்குக் கார் ஓட்டிப் போனேன். கெலாங் பாத்தாவிலிருந்து மகள் தொலைபேசியில் தடுத்துப் பார்த்தாள்: “இதயத்துல ரெண்டு ஸ்டென்ட் வச்சிக்கிட்டு, ஒரு வருஷம் ஊறணும்னு இப்ப எதுக்குப்பா?” ஊறுவதற்கு ஒரு வருஷம் ஆகும் என்பதால்தான் இப்போதே தொடங்க வேண்டும் என்றேன்.

விரலில் சுற்றி வளைத்துப் பார்த்துக் காய்களைப் பொறுக்கினேன். கேக் சாமான் கடையில் கிளிசரின் வாங்கினேன். கீறும்போது இரண்டு காய்கள் முழுதாகப் பிளந்துவிட்டன. அவற்றையும் சேர்த்தே இறக்கினேன். காகித நாடாவை ஒட்டி, என் கையெழுத்தில் எழுதினேன்: ‘பக்கத்து வீட்டுக்கு. கிளிசரின் மட்டும். அடுத்த தீபாவளிக்கு முன் திறக்கக் கூடாது.’

வெள்ளிக்கிழமை வந்ததும் விளக்கேற்றிவிட்டு அதைக் குலுக்கினேன்.