அண்ணாவின் பெயர்

மருமகளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது என்று தொலைபேசியில் செய்தி வந்தபோது, பெயர் என்னவென்று நான் கேட்கவில்லை. தெரிந்த விடயம். அவள் என் அண்ணாவின் ஒரே மகள். போரின் கடைசிச் சண்டை முடிந்த நாட்களில் அண்ணா காணாமற்போனபோது அவளுக்கு எட்டு வயது. ஆண்பிள்ளை பிறந்தால் அப்பாவின் பெயர்தான் என்று கலியாணத்துக்கு முன்பே சொல்லிவைத்திருந்தாள்.

தடையாக நின்றவர் ஒருவர்தான். அவளுடைய அம்மா, என் மச்சாள்.

எங்கள் குடும்பத்தில் உயிரோடு இருப்பவரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதில்லை. ஒருவர் போனபிறகுதான் அவருடைய பெயர் பிள்ளைக்கு வரும். அண்ணாவுக்கும் அப்படித்தான், அவர் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன எங்கள் அப்புவின், அப்பாவைப் பெற்றவரின், பெயர் கிடைத்தது. ஆகவே அண்ணாவின் பெயரை வைப்பதென்றால், அண்ணா இனி இல்லை என்று வீட்டோடு ஒத்துக்கொள்ள வேண்டும். மச்சாள் இன்றுவரை பொட்டை அழிக்கவில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னவர்களை வாசலோடு அனுப்பியவர் அவர்.

முப்பத்தொன்றாம் நாள், தீட்டு நீக்கிப் பெயர் வைக்கும் துடக்குக் கழிவுக்கு நான் வவுனியாவிலிருந்து பஸ் ஏறி, இரண்டு நாள் முன்னதாகவே புதுக்குடியிருப்புக்குப் போய்விட்டேன். மச்சாள் பிள்ளைப்பெற்றவளுக்கான காயச்சரக்கை அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார். மருமகளின் கணவர் கதிரையில் இருந்து கைத்தொலைபேசியில் பெயர்கள் பார்த்துக்கொண்டிருந்தார். சாத்திரியார் சொன்ன எழுத்தில் தொடங்கும் ஒன்றை மாமியாருக்கு வாசித்துக் காட்டினார். எந்த ஊர்ப் பெயரென்று எனக்கு விளங்கவில்லை.

“அதைச் சொல்லிக் கூப்பிட்டா அயல்வீட்டு நாய்தான் தம்பி ஓடிவரும்,” என்றார் மச்சாள்.

மருமகளின் கணவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். மருமகள் சிரிக்கவில்லை.

“சாத்திரியார் எந்த எழுத்தையும் சொல்லட்டும். எனக்கு அப்பான்ர பேர்தான் வேணும்.”

மச்சாள் அம்மிக் குழவியை நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்து கிணற்றடிக்குப் போனார்.

“பாத்தீங்களோ மாமி? நான் வாய் திறந்தா எழும்பிப் போறா. நீங்கள் ஒருக்கா கதையுங்கோ.” மருமகள் பிள்ளையின் காலைத் தடவியபடி இருந்தாள். “எனக்கு அவற்ற முகங்கூட ஒழுங்கா ஞாபகமில்லை. பேராவது வீட்டில புழங்கட்டும்.”

நான் கிணற்றடிக்குப் போனேன். மச்சாள் ஏற்கெனவே கழுவியிருந்த வாளியைத் திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தார்.

“மச்சாள், பிள்ளை ஆசைப்படுறாள்.”

“அப்ப நீங்களும் அவரை எரிச்சுப்போட்டியள், என்ன?”

நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள். எதையும் அரைகுறையாக விட்டுவைத்துப் பழக்கமில்லாதவள். அண்ணாவின் கதையையும் மனதில் எப்போதோ முடித்துவைத்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

“நாளைக்கு அவர் படலையைத் திறந்துகொண்டு வந்து நிண்டா என்ன சொல்லுறது? உங்கட பேரைப் பிள்ளைக்குக் குடுத்திட்டம், நீங்கள் வேற பேர் பாருங்கோ எண்டோ?” சொல்லி முடிக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு வாளியைக் கிணற்றுக் கட்டில் கவிழ்த்துவைத்துவிட்டு உள்ளே போனார்.

துடக்குக் கழிவு அன்று காலையில், நான் கேளாமலே மச்சாள் சொன்னார்.

“வையுங்கோ. அவள் தேப்பன் இல்லாமல் வளந்த பிள்ளை. ஆனா நான் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டன். கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து சொன்னதில்லை. இனியும் சொல்லன்.”

அதற்கு எவரும் மறுத்துப் பேச முடியாது. கணவன் பெயரைச் சொல்லாத பெண்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். காணாமற்போனவர்களைப் பற்றிய விசாரணைக்கு நாங்கள் போனபோதும், பெயரைக் கேட்ட அதிகாரியிடம் மச்சாள் அடையாள அட்டையின் பிரதியைத்தான் நீட்டினார். “வாயால சொல்லுங்கோ அம்மா,” என்று அவர் வற்புறுத்தவே, மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேன். இப்போதும் அதே வழக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டார். மகளுக்கு அவளுடைய அப்பாவைக் கொடுத்துவிட்டார். தன்னுடையவரை விட்டுக்கொடுக்கவில்லை.

பிள்ளையின் காதில் பெயரை மூன்று தரம் சொல்லும்படி என்னைத்தான் கேட்டார்கள். இரண்டு தரம் ஒழுங்காகச் சொன்னேன். மூன்றாம் தரம் குரல் எழவில்லை, உதடுதான் அசைந்தது. மச்சாள் குசினிக்குள் அடுப்படியில் நின்றார். எட்டிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பிள்ளை ‘குஞ்சு’.

அடுத்த மாதம் நான் திரும்பவும் போயிருந்தபோது, தடுப்பூசி நாளன்று மருமகளுக்குக் காய்ச்சல். நானும் மச்சாளும் பிள்ளையை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சனம் நிறைந்திருந்தது. இருக்க ஒரு வாங்கின் ஓரத்தில் இடம் கிடைத்தது. குஞ்சு மச்சாளின் மடியில் நித்திரை. அவர் ஒரு கையால் பிள்ளையின் முகத்தில் மொய்த்த இலையானை விரட்டிக்கொண்டிருந்தார்.

உள் அறைக் கதவைத் திறந்து, தாதி உரத்த குரலில் பெயரைக் கூப்பிட்டார்.

அந்தப் பெயரை அப்படி ஒருவர் சத்தமாகக் கூப்பிட்டு நான் கேட்டு எத்தனையோ காலம். முன்பு அண்ணாவின் கூட்டாளிகள் ஒழுங்கையில் சைக்கிளில் நின்றபடி கூப்பிடுவார்கள். மச்சாள் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்க்கவில்லை. சட்டென்று தலையைத் திருப்பித் தெருப்பக்க வாசலைப் பார்த்தார்.

நானும் பார்த்தேன்.

வாசலில் ஒரு குடையும் சில சோடிச் செருப்புகளும் கிடந்தன.

“பிள்ளை வரேல்லையோ?” என்று கேட்டுவிட்டுத் தாதி இரண்டாம் தரமும் கூப்பிட்டார்.

“வந்திருக்கு,” என்றேன். மச்சாள் எழும்பவில்லை. பிள்ளையை என் கையில் தந்துவிட்டு வாசல் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் உள்ளே கொண்டுபோனேன். ஊசி ஏறியதும் பிள்ளை வீரிட்டு அழுதது. கதவு திறந்தே இருந்தது. வெளியே அவருக்குக் கேட்கும் என்று தெரிந்தும், அண்ணாவின் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் நான் அவனைத் தேற்ற வேண்டியிருந்தது.