கோலுக்கு முதுகு காட்டியவர்

அரசு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும் நாட்களில் தையல்காரிக்குப் பஸ் ஏறினாலே வயிற்றைப் புரட்டும். ஒரு நாள் தாங்கவில்லை. மடியில் இருந்த பையைத் திறந்து அதற்குள்ளேயே குனிந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார். எதிர் சீட்டு அம்மாள் உச்சுக் கொட்டினாள். அப்போது கண்டக்டர் வந்தார். என்ன ஏது என்று ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டி, இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்து, சாத்திய கதவு மாதிரி நின்றுகொண்டார். பிறகு தொண்டையைத் திறந்தார்.

“எல்லாரும் முன்னாடி பாருங்க! நம்ம டிரைவர் இன்னிக்கு முடி வெட்டியிருக்காரு. காது ரெண்டும் ஒரே அளவா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க!”

பஸ் மொத்தமும் டிரைவரின் பிடரியைப் பார்த்துச் சிரித்தது. டிரைவர் திட்டினார். பின்கையால் ஒரு தண்ணீர் பாட்டில் அவள் பக்கம் நீண்டது. அவள் இறங்கும்வரை அந்த முதுகு அசையவில்லை. முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கடைசல் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் கணவர், “முதுகையா பாத்தே? அப்ப அது நம்ம முதுகண்ணன்தான்!” என்றார்.

கால்பந்து ஆட்டம் நடக்கும் நாளில் மைதானத்தின் வடக்குப் படிக்கட்டில், முன்வரிசைக் கம்பியின்மேல் ஏறி, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து நிற்பவர் அந்தக் கண்டக்டர். அவர் கை உயர்ந்தால் பாட்டு, தாழ்ந்தால் கைதட்டு. இருபது வருடத்தில் சொந்த மைதானத்தில் ஒரு கோலைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. எல்லாக் கோலையும் அடுத்தவர் மூஞ்சியில்தான் பார்த்தார். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பினால் ஒரு மூஞ்சி, கோல்கீப்பர் கோட்டை விட்டால் ஒரு மூஞ்சி. “அது ஆஃப்சைடு இல்லண்ணே” என்று யாராவது வாதாடினால், “உன் மூஞ்சி அப்பவே ஒத்துக்கிச்சே” என்பார்.

அப்படித்தான் மாட்டிக்கொண்டார் பட்டறைக்காரர். கடைசி நிமிடத்தில் கோல் விழுந்து படிக்கட்டே குதிக்கிறது, ஒரு மூஞ்சி மட்டும் மழைக்கு ஒதுங்கி நிற்பது போல நிற்கிறது. ஆட்டம் முடிந்ததும் முதுகு அவரைத் தேடிப் பிடித்தார்.

“தம்பி, நாம கோல் போட்டோம், தெரியுமா?”

“தெரியும்ணே.”

“உன் மூஞ்சிக்குத் தெரியலையே.”

பட்டறைக்காரர் உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டினார். மனைவிக்கு ஊசி போதாது, இனி இந்த மாத்திரைதான் கேட்கும் என்று டாக்டர் எழுதிவிட்டார். அது அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்கும் மருந்துகளில் இல்லை. எந்த மருந்தைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் குழு இரண்டு வருடமாகக் கூடவே இல்லை. வெளியே வாங்கலாம் என்றால் இருக்கும் வீட்டை விற்றாலும் பாதி வழிதான் வரும். மாத்திரை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டார்.

மறுநாளே முதுகு வீட்டுக்கு வந்துவிட்டார். தையல்காரிக்குக் கால்பந்து என்றாலே ஆகாது. அவள் தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

“கேன்சர் மாத்திரைக்கும் உங்க பந்து விளையாட்டுக்கும் என்னண்ணே சம்பந்தம்?”

“ஒரு சம்பந்தமும் இல்லம்மா. சம்பந்தம் உள்ளவங்கதான் ரெண்டு வருஷமா சும்மா இருக்காங்களே. சம்பந்தமில்லாதவங்க கொஞ்சம் கத்திப் பாக்கறோம்.”

தினமும் விளக்கேற்றும்போது அவள் கடவுளிடம் மாத்திரை கேட்டு வந்தாள். அவர் கால்பந்து ரசிகர்களை அனுப்பி வைப்பார் என்று கனவிலும் நினைக்கவில்லை.

முதலில் ரசிகர்கள் சேர்ந்து சுகாதாரத் துறைக்கு ஒழுங்காக மனு கொடுத்தார்கள். அங்கே மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதன்பிறகு முதுகு தன் வழிக்கு வந்தார். மாத்திரையின் பெயரோ சொல்லி முடிப்பதற்குள் ஒரு கார்னர் கிக் எடுத்துவிடலாம் போல நீளம். அவர் அதை பஸ் ஸ்டாப் பெயர்களைப் போலத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு கைதட்டல் வைத்தார். ஒரு வாரத்தில் டாக்டர்களே தடுமாறும் அந்தப் பெயர் வடக்குப் படிக்கட்டு முழுக்கத் தண்ணீர் பட்ட பாடு ஆகிவிட்டது.

எதிரணி ரசிகர்களின் தலைவர் ஒரு பேக்கரிக்காரர். இரண்டு கூட்டத்துக்கும் வானம் நீலம் என்பதில்கூட ஒத்துப்போகாது. முதுகு அவர் கடைக்குப் போய் ஒரு பன் வாங்கி, நின்றபடியே தின்றார்.

“ஒரு உதவி கேக்கலாம்னு வந்தேன். ஆனா உங்க ஆளுங்க தொண்டைக்கு அந்த மாத்திரை பேர் வராது. விடுங்க.”

“யாருக்கு வராது?” பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வெளியே வந்துவிட்டார். “வர்ற ஆட்டத்துல பாருய்யா!”

அந்த ஆட்டத்தில் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று திட்ட மறந்து, யார் சத்தமாக மாத்திரை பெயரைச் சொல்வது என்று போட்டி போட்டன. வானொலி வர்ணனையாளர், ஏதோ புதிய ஆட்டக்காரர் பெயர் என்று நினைத்து, அவர் எந்த ஊர்க்காரர் என்று வெகுநேரம் தேடினார்.

மைதான நிர்வாகத்துக்கு மூக்கின்மேல் கோபம். இறுதி ஆட்டமும் அதே எதிரணியோடுதான், அதற்கு சுகாதார அமைச்சர் வருகிறார். பதாகை கூடாது, மருந்தின் பெயரை உச்சரிக்கக் கூடாது என்று அறிவித்துவிட்டார்கள். அன்று வாசலில் தலைவலி மாத்திரை கேட்ட ஒரு பெரியவரைக்கூட ஓரமாக நிறுத்தி விசாரித்தார்கள்.

“சத்தம் போடக் கூடாதா? சரி, போட மாட்டோம்” என்றார் முதுகு. “திரும்பி நிக்கக் கூடாதுன்னு எங்கயும் சொல்லலியே?”

அமைச்சருக்கான கண்ணாடி அறை வடக்குப் படிக்கட்டுக்கு நேர் பின்னால், உச்சியில் இருந்தது. இரண்டாம் பாதி ஆரம்பித்ததும் எல்லாரும் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, அமைச்சரை மட்டும் பார்ப்பது. பேச்சு மூச்சு கூடாது, இதுதான் திட்டம்.

“அப்ப நான் யார் மூஞ்சியப் பாக்கறது?” என்று அவரே தலையைச் சொறிந்தார்.

“நீங்க ஒரு தடவையாவது ஆட்டத்தைப் பாருங்கண்ணே” என்றார் பட்டறைக்காரர்.

தையல்காரி அன்றுதான் வாழ்க்கையில் முதல்முறையாக மைதானத்துக்குள் கால் வைத்தாள். நடுப்படியில் நின்றாள். கை உயர்ந்தது, படிக்கட்டு மொத்தமும் திரும்பியது. கண்ணாடிக்குப் பின்னால் அமைச்சர் வாய்க்குக் கொண்டுபோன பிஸ்கட் பாதி வழியில் நின்றது. கையசைத்துப் பார்த்தார். யாரும் அசைக்கவில்லை. ஃபோனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். எங்கே பார்த்துவிட்டுத் திரும்பினாலும் அத்தனை கண்ணும் அங்கேயே இருந்தன. மைதானத்துக்கு இருந்ததே ஒரு கேமரா. அதை வைத்திருந்தவரும் ஆட்டத்தை விட்டுவிட்டு இந்தக் கூத்தைப் படமெடுக்கத் தொடங்கினார்.

நிற்க நிற்கத் தையல்காரிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கால் ஒருமுறை பிசகியது. கம்பியைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டாள். எல்லாரும் மேலே பார்த்ததால் யார் கண்ணிலும் படவில்லை என்று நிம்மதியானாள்.

சரியாக அந்த நேரத்தில் மைதானம் அலறியது. கோல்! நம் அணியா, எதிரணியா? பட்டறைக்காரரின் கழுத்து நரம்பு கயிறு போலப் புடைத்தது. “ஏங்க, திரும்பாதீங்க” என்று பல்லைக் கடித்தாள் அவள். ஒருவரும் திரும்பவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து பேக்கரிக்காரர் கூட்டத்தின் புலம்பல் காதில் விழுந்த பிறகுதான் நம் கோல் என்று தெரிந்தது. ஆனந்தக் கண்ணீர் வடிய, கோப்பையையே வாங்கித் தந்த கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது வடக்குப் படிக்கட்டு.

அமைச்சரின் உதவியாளர் வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்து, “இங்க யார் தலைவர்?” என்று கேட்டார். எல்லா விரலும் கீழே முன்கம்பியைக் காட்டியது. அங்கே முதுகு வாயைப் பிளந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவியாளர் தோளைத் தட்ட, அவர் திரும்பாமலே, “கொஞ்சம் இருங்க சார், ஃப்ரீ கிக்” என்றார்.

அதே மாதத்தில் குழு கூடியது. கொஞ்ச நாள் இழுத்தடித்துவிட்டு மாத்திரையைச் சேர்த்தார்கள். கவுண்டரில் அதைக் கையில் வாங்கிய அன்று தையல்காரி கண்ணை மூடிக் கும்பிட்டாள். யாரைக் கும்பிட்டாள் என்று கேட்டால், பாதி மேலே இருப்பவரை, பாதி கண்டக்டரை. வரிசையில் அவளுக்கு முன்னால் வழக்கமாக நிற்கும் ஆசிரியை மட்டும் அன்று இல்லை. மாத்திரை வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். முதுகு அடுத்த மருந்தின் பெயரைத் துண்டு போட ஆரம்பித்தார்.

ஆனால் ரசிகர்களுக்கு வேறொரு வயிற்றெரிச்சல். அந்தக் கோல் கேமராவிலும் இல்லை. எதிரணியைக் கேட்டால், “அது கோலே இல்ல” என்பார்கள். வடக்குப் படிக்கட்டில் ஆட்டத்தைப் பார்த்து நின்ற ஒரே ஆள் முதுகுதான். ரசிகர்கள் அவர் பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்கி, கோல் கதையைக் கேட்டுவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கினார்கள். பட்டறைக்காரருக்கு அவர் சொன்னது இடது கால் கோல். டிரைவருக்குத் தலையால் முட்டியது. இன்னொருவருக்கு, பந்து கோல்கீப்பரின் பின்புறத்தில் பட்டு உள்ளே போனது. “இந்த மனுஷன் மாத்தி மாத்திச் சொல்லி உயிரை வாங்கறாரே” என்று பட்டறைக்காரர் அழாத குறை.

வருடங்கள் ஓடின. மாத்திரை கேட்டது. தையல்காரி பரிசோதனைக்கு மட்டும் போய்வந்தாள். முதுகு ஓய்வு பெற்று, தூரத்து ஊரில் இருக்கும் மகளோடு போய் இருக்கத் தீர்மானித்தார். அவருடைய கடைசி வாரத்தில் அவள் அந்த பஸ்ஸில் ஏறினாள். டிக்கெட்டுக்கு அவர் கை நீட்டவில்லை. அவள் பிடிவாதமாகக் காசைக் கொடுத்தாள்.

“போறதுக்கு முன்னாடி என்கிட்டயாவது நிஜத்தைச் சொல்லுங்கண்ணே. அந்தக் கோல் எப்படித்தான் விழுந்துச்சு?”

அவர் முன்னும் பின்னும் பார்த்தார். குனிந்தார். இத்தனை வருடத்தில் அவர் முகத்தை அவள் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான். மாட்டிக்கொண்ட திருடன் போலச் சிரித்தார்.

“நான் எங்கம்மா பாத்தேன்? அந்த நேரம் பாத்து நீங்க தள்ளாடினீங்க. விழுந்துடப் போறீங்களேன்னு உங்களையே பாத்துட்டு நின்னேன். திரும்பறதுக்குள்ள வலை ஆடிட்டு இருந்துச்சு. வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க, அவருக்கு இடது காலாவே இருந்துட்டுப் போகட்டும். இறங்குங்க, ஆஸ்பத்திரி வந்துருச்சு.”